18 முதல் 28 வரை: முதல் வகை நீரிழிவில் விடுபட்டுப்போன பத்தாண்டுகளும் பின்னாளைய விழித்திரை நோயும் – ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

33 வயதுப் பெண் ஒருவர், இடக்கண் பார்வையில் காலையிலிருந்து கரும்புள்ளிகளும் நூலிழை போன்ற நிழல்களும் மிதப்பதாகவும், பிற்பகலுக்குள் புகை மூடியதுபோல் பார்வை மங்கிவிட்டதாகவும் கூறி மருத்துவமனைக்கு வருகிறார். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. 10 வயதில் அவருக்கு, உடல் தானாக இன்சுலின் சுரக்க முடியாமல் போகும் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டது. அன்று தொடங்கி 23 ஆண்டுகளாக இன்சுலின் செலுத்தி வருகிறார். பரிசோதனையில், இடக்கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் கூழ்மத்தில் இரத்தம் கசிந்திருப்பதும், இரு கண்களின் விழித்திரையிலும் எளிதில் உடையக்கூடிய புதிய இரத்தக்குழாய்கள் முளைத்திருப்பதும் தெரிகிறது. இரத்த அழுத்தம் 148/92. சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கு 180 மில்லிகிராம் அல்புமின் என்ற புரதம் வெளியேறுகிறது. 30-க்குக் கீழ் இருப்பதே இயல்பு. சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் இன்னும் பெரிதாகக் குறையவில்லை. கால் பெருவிரல்களில் அதிர்வுணர்வு மங்கியிருக்கிறது.

இந்த அளவீடுகளுக்கு நடுவே அவற்றோடு பொருந்தாத ஓர் எண் இருக்கிறது. எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.6 சதவீதம். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலும் அது 7.5-க்கும் 7.8-க்கும் இடையிலேயே இருந்திருக்கிறது. குறைகூற முடியாத இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டு பார்த்தால், 33 வயதில் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் ஒருசேரப் பாதிக்கப்பட்டிருப்பதை விளக்க முடியாது. விளக்கம் இன்றைய இரத்தத்தில் இல்லை. அதைத் தேடிப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

இங்கு விவரிக்கப்படும் பெண் தனி ஒருவர் அல்லர். குழந்தைப் பருவத்தில் தொடங்கிய நீரிழிவோடு வளர்ந்து ஆளாகும் பலரிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்குகளை ஒன்றுசேர்த்து, மருத்துவ விவரங்கள் தமக்குள் முரண்படாதவாறு அமைத்த மாதிரி நிகழ்வு இது. நிகழ்வோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆய்வுகளும் அவற்றின் முடிவுகளும் உண்மையானவை.

பழைய பதிவேடுகள்

10 வயது முதல் 18 வயது வரை அவர் ஒரே குழந்தைகள் நலப் பிரிவில் பார்க்கப்பட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாத வருகை. ஒரே மருத்துவர், ஒரே செவிலியர். எச்பிஏ1சி பெரும்பாலும் 8-ஐ ஒட்டியும் பருவமடைந்த ஆண்டுகளில் 9-ஐ ஒட்டியும் இருந்தது. 16 வயதில் செய்த விழித்திரைச் சோதனையில் எக்குறையும் இல்லை. அக்காலப் பதிவுகளில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: ஒவ்வொரு வருகையின்போதும் சர்க்கரைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தவர், இன்சுலின் அளவைப் பற்றிக் கேட்டவர், அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டவர் எல்லாம் தாயே. 18 வயது நிறையும்வரை அந்தப் பெண் தாமாக ஒருமுறைகூட மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்ததில்லை. தம் இன்சுலினின் பெயரும் அளவும் அவருக்குத் தெரியும். அது தீர்ந்துபோனால் யாரிடம் சீட்டு வாங்குவது என்பது தெரியாது.

18-ஆவது பிறந்தநாளுக்குப் பிந்தைய மாதத்தில் அவர் பெரியவர்களுக்கான நீரிழிவுப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். மாற்றம் என்பது ஒரு பக்கக் கடிதம். அதே கோடையில் உயர்கல்விக்காக வீட்டை விட்டு வேறு நகருக்குச் சென்றிருந்தார். புதிய பிரிவில் முதல் சந்திப்பு ஐந்து மாதம் கழித்தே கிடைத்தது. காத்திருப்போர் அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். சிலருக்குக் கால் அகற்றப்பட்டிருந்தது. உள்ளே இருந்த மருத்துவர் அவர் வரலாற்றை முதலிலிருந்து கேட்டார், எச்பிஏ1சி 9.8 என்பதைச் சுட்டிக்காட்டினார், பார்வையும் சிறுநீரகமும் போகும் என்று எச்சரித்தார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அவர் போகவில்லை. அந்தச் சந்திப்பைத் தவறவிட்டதற்காக எவரும் அவரை அழைக்கவுமில்லை.

அடுத்த எட்டு ஆண்டுகளுக்குக் கோப்பில் இருப்பவை சிதறிய துண்டுகளே. 20 வயதில், தேர்வு நாட்களில், காய்ச்சலோடு இன்சுலினைக் குறைத்துக்கொண்டதால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடி அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டார், எச்பிஏ1சி 11.2. மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது அவர் கையில் தரப்பட்ட தாளில், நோயாளி மருந்தை முறையாக எடுப்பதில்லை என்று ஒரு வரி இருந்தது. 22 வயதில் சுழற்சி முறைப் பணி கொண்ட முதல் வேலை. நோயை நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை. இரவுப் பணியின் நடுவே சர்க்கரை தாழ்ந்து கைநடுங்கி வியர்த்துப்போன ஓர் அனுபவத்துக்குப் பிறகு, பணிக்குச் செல்லும் நாட்களில் இன்சுலினை வேண்டுமென்றே குறைவாகப் போடத் தொடங்கினார். சர்க்கரை 250-க்கு மேல் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. புகைபிடிக்கும் பழக்கமும் அதே ஆண்டில் தொடங்கியது. 23 வயதில் பல மாதங்கள் நீடித்த மனச்சோர்வு. அதற்காக யாரிடமும் செல்லவில்லை. 25 வயதில் மறுபடியும் அவசரப் பிரிவு, எச்பிஏ1சி 10.4, மறுபடியும் அதே வரி.

26 வயதில் திருமணம். 28-இல் கருவுற்றார். கருவுற்ற எட்டாவது வாரத்தில் எச்பிஏ1சி 9.6 ஆக இருந்தது. எட்டாவது மாதத்தில் 6.7. இடைப்பட்ட காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு குழு அவரைப் பார்த்தது, செவிலியர் ஒருவர் வாரந்தோறும் தொலைபேசியில் அளவுகளைக் கேட்டுத் திருத்தினார், புகைப்பழக்கம் முதல் மாதத்திலேயே நின்றது. 16 வயதுக்குப் பிறகு முதன்முறையாகக் கண்களும் பார்க்கப்பட்டன: மிதமான விழித்திரைப் பாதிப்பு இருந்தது. சிறுநீரில் 45 மில்லிகிராம் அல்புமின் இருந்தது. கர்ப்பத்தின் விளைவாக இருக்கலாம் என்று குறிக்கப்பட்டது. குழந்தை நலமாகப் பிறந்தது. அதன் பிறகு குழந்தைக்கான தடுப்பூசித் தேதிகள் அனைத்தும் தரப்பட்டன. தாய்க்கு மூன்று மாதம் கழித்துக் கண்ணைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் யாருடைய நாட்காட்டியிலும் ஏறவில்லை. 30 வயதில் பகல் நேர வேலைக்கு மாறினார், தொடர்ந்து சர்க்கரையை அளக்கும் உணர்கருவி கிடைத்தது, கட்டுப்பாடு நிலைபெற்றது. கண் மீண்டும் பார்க்கப்பட்டது 33 வயதில், இரத்தம் கசிந்த பிறகே.

பழைய சர்க்கரை இன்று எப்படி வேலை செய்கிறது

இந்த நிகழ்வின் மருத்துவப் புதிருக்கு விடை, 1983-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிய, நீரிழிவுக் கட்டுப்பாட்டையும் பாதிப்புகளையும் பற்றிய டிசிசிடி ஆய்வில் இருக்கிறது. 13 முதல் 39 வயது வரையிலான 1,441 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு அக்காலத்தின் வழக்கமான சிகிச்சை. மற்றொரு குழுவுக்குத் தீவிர சிகிச்சை, அதாவது நாளுக்கு மூன்றோ அதற்கு மேலோ ஊசிகள் அல்லது இன்சுலின் பம்பு, நாளுக்கு நான்கு முறை சர்க்கரைச் சோதனை, மாதந்தோறும் மருத்துவக் குழுவோடு சந்திப்பு. முதற்குழுவின் எச்பிஏ1சி 9-ஐ ஒட்டியும் தீவிர சிகிச்சைக் குழுவினுடையது 7-ஐ ஒட்டியும் நின்றது. சராசரியாக ஆறரை ஆண்டுகளுக்குப் பின் 1993-இல் ஆய்வு முடிந்தபோது, தீவிர சிகிச்சை பெற்றவர்களிடம் கண் பாதிப்பு 76 சதவீதமும், சிறுநீரகப் பாதிப்பு 50 சதவீதமும், நரம்புப் பாதிப்பு 60 சதவீதமும் குறைந்திருந்தன.

நம் நிகழ்வுக்கு அதைவிட முக்கியமானது அதன் பிறகு நடந்தது. அனைவருக்கும் தீவிர சிகிச்சை கற்றுத்தரப்பட்டு, அவரவர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். 1994 முதல் எடிக் என்ற பெயரில் அவர்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். சில ஆண்டுகளிலேயே இரு குழுக்களின் எச்பிஏ1சியும் நெருங்கி, ஏறத்தாழ 8 சதவீதத்தில் ஒன்றாகிவிட்டன. சர்க்கரை ஒன்றானபின் பாதிப்புகளும் ஒன்றாகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு ஆகவில்லை. முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் புதிய பாதிப்பு குறைவாகவே வந்துகொண்டிருந்தது. 2005-இல் வெளியான முடிவுகளில், இதய இரத்தக்குழாய் நோய் நிகழ்வுகள் அக்குழுவில் 42 சதவீதம் குறைவாக இருந்தன. மாரடைப்பு, பக்கவாதம், அந்நோயால் இறப்பு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 57 சதவீதம் குறைவு. 2015-இல் வெளியான ஆய்வில் மொத்த இறப்பிலும் வேறுபாடு தெரிந்தது. ஆறரை ஆண்டுச் சர்க்கரை வேறுபாடு இருபது ஆண்டுகளுக்கு மேல் உடலில் பேசிக்கொண்டே இருந்தது. மருத்துவர்கள் இதை வளர்சிதை நினைவு என்கின்றனர்.

இதன் இயங்குமுறையும் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. மிகைச் சர்க்கரை புரதங்களோடு தானாகவே ஒட்டிப் பிணைகிறது. இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை அந்த அணுவோடு சில மாதங்களில் மறைந்துவிடும். எச்பிஏ1சி மூன்று மாத வரலாற்றை மட்டும் சொல்வதற்குக் காரணம் அதுவே. ஆனால் தோலிலும் இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் உள்ள கொல்லாஜன் பல ஆண்டுகள் வாழும் புரதம். அதில் பிணைந்த சர்க்கரை மேலும் வேதிமாற்றமடைந்து, இழைகளை ஒன்றோடொன்று பூட்டி, குழாய்ச் சுவரை விறைப்பாக்குகிறது. டிசிசிடி பங்கேற்பாளர்கள் சிலரின் தோல் திசுவில் இந்தப் பிணைப்புகளை அளந்தபோது, அவற்றின் அளவுக்கும் பின்னாளைய பாதிப்புகளுக்கும் தொடர்பு காணப்பட்டது. அதோடு, வெள்ளையணுக்களின் டிஎன்ஏ மீது படியும் மெத்தில் எனும் வேதிக் குறிகள் சில, பழைய சர்க்கரை அளவுக்கு ஏற்ப மாறி, பல ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே நிலைத்திருந்ததும் பதிவாகியிருக்கிறது.

ஆகவே 33 வயதில் அளந்த 7.6 என்ற எண் பொய்யன்று; அது கடந்த மூன்று மாதத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறது. அவருடைய விழித்திரை, 18 முதல் 28 வயது வரையிலான பத்தாண்டுகளைப் பற்றிச் சொல்கிறது.

வேறு விளக்கங்களும் உண்டு

எல்லாவற்றையும் அந்தப் பத்தாண்டுகளின் மீது சுமத்துவதற்கு முன் இரண்டு காரணிகளை நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, கர்ப்பம். ஏற்கெனவே பாதிப்பு தொடங்கியுள்ள விழித்திரையைக் கர்ப்பம் விரைவுபடுத்தக்கூடும். இரண்டாவது, சர்க்கரையின் விரைவான இறக்கம். நீண்ட நாள் உயர்ந்திருந்த சர்க்கரையைச் சில மாதங்களில் வேகமாகக் குறைத்தால், விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாகலாம். டிசிசிடியிலேயே, முதல் ஆண்டில் இவ்வாறு மோசமடைந்தவர்கள் தீவிர சிகிச்சைக் குழுவில் 13.1 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 7.6 சதவீதம். பெரும்பாலோருக்கு அது பின்னர் சரியாகி, நீண்ட காலத்தில் தீவிர சிகிச்சையே நன்மை தந்தது. நம் நிகழ்வில் இந்த இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தன: ஏறத்தாழ ஆறு மாதங்களில் எச்பிஏ1சி 9.6-இலிருந்து 6.7-க்கு இறங்கியது.

என்றாலும் இவ்விரண்டும் தாக்கியது பழுதில்லாத கண்ணை அல்ல. 28 வயதில், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மிதமான பாதிப்பு இருந்தது. 16 வயதில் எதுவும் இல்லை. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் ஒருமுறை பார்த்திருந்தாலும் கர்ப்பத்துக்கு முன்பே படிப்படியாகச் சர்க்கரையை இறக்கியிருக்கலாம், கண்ணை நெருக்கமாகக் கண்காணித்திருக்கலாம். நோய் தொடங்கி ஐந்தாண்டுகளுக்குப் பின் ஒழுங்காகக் கண்ணும் சிறுநீரும் சோதிக்கப்பட வேண்டும் என்பது நீண்ட காலமாக அறிந்த நடைமுறைதான். அதை நினைவூட்ட வேண்டியவர் யார் என்பதில்தான் இடைவெளி விழுந்தது.

ஒரே நேரத்தில் விழுந்த மாற்றங்கள்

மருந்தை முறையாக எடுப்பதில்லை என்று அவசரப் பிரிவின் கோப்பில் இருமுறை எழுதப்பட்ட அந்த ஒரு வரிக்கு இப்போது வருகிறேன். அது தகவல் என்ற அளவில் உண்மைதான். ஆனால் காரணம் என்ற இடத்தில் அதை வைத்துவிட்டதால் அதற்கு மேல் எவரும் கேட்கவில்லை. இளைஞர்களின் அக்கறையின்மையே இந்த வயதின் மோசமான சர்க்கரைக்குக் காரணம் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே ஆழப் பதிந்திருக்கிறது. டிசிசிடியின் ஒரு கிளை முடிவு அதற்கு நேர் எதிராக நிற்கிறது. மாதந்தோறும் குழுவைச் சந்தித்து, எல்லா உதவியும் பெற்ற 13 முதல் 17 வயதினர்கூட, அதே சிகிச்சை பெற்ற பெரியவர்களைவிட ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி கூடுதலான எச்பிஏ1சியையே எட்ட முடிந்தது. பருவமடையும்போது உடல் இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுப்பது அதற்கு ஒரு காரணம். அந்த வயதினரிடம் பழைய சிகிச்சையின் பாதுகாப்பும் பத்தாண்டுகளில் மங்கிவிட்டது; பெரியவர்களிடம் அது நீடித்ததற்கும் இவர்களிடம் மங்கியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெருமளவு விளக்குவது, ஆய்வுக் காலத்தில் அவரவர் எட்டிய சர்க்கரை அளவே. மிகச் சிறந்த சூழலிலும் கடினமான வயது இது. அந்தக் கடினத்தின் உச்சத்தில் நாம் செய்வது, எட்டு ஆண்டுகள் பழகிய குழுவிடமிருந்து பிரித்து ஒரு கடிதத்தோடு அனுப்புவது.

வாழ்க்கையின் வேறெந்தப் பத்தாண்டிலும் இத்தனை மாற்றங்கள் இவ்வளவு நெருக்கமாக வருவதில்லை. பெற்றோர் வீட்டை விட்டுப் பிரிதல், கல்வி முடிதல், முதல் வேலை, துணையோடு வாழத் தொடங்குதல், குழந்தைப்பேறு ஆகிய ஐந்தும் பெரும்பாலோருக்கு இந்தக் காலத்திலேயே நிகழ்கின்றன. ஒவ்வொன்றும் தூக்கத்தையும் உணவு நேரத்தையும் கையிருப்புப் பணத்தையும் நம்மைக் கவனிப்பவர் யார் என்பதையும் மாற்றுகிறது. வாழ்நாள் முழுவதும் வரக்கூடிய மனநோய்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்பது 2005-இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பின் முடிவு; நம் நிகழ்வில் 23 வயதில் வந்த மனச்சோர்வு அந்த வகையில் விதிவிலக்கே இல்லை. இரவுப் பணியில் தாழ்சர்க்கரை வந்துவிடும் என்ற அச்சமும் அறியாமையால் வந்ததன்று: டிசிசிடியில் தீவிர சிகிச்சை பெற்றோருக்குக் கடுமையான தாழ்சர்க்கரை மும்மடங்கு நேர்ந்தது. நோயை மறைத்து, மேலாளர் முன் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்று சர்க்கரையை உயரத்தில் வைத்துக்கொண்ட 22 வயதுப் பெண், தம் கையில் இருந்த தகவலைக் கொண்டு ஒரு முடிவெடுத்தார். அந்த முடிவின் விலையை அவரோடு உட்கார்ந்து கணக்கிட, அந்த ஆண்டில் அவருக்கு மருத்துவர் எவரும் இருக்கவில்லை.

நீரிழிவோடு நிற்கும் செய்தியுமன்று இது. அமெரிக்கச் சிறுநீரக மாற்றுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, எந்த வயதில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றிருந்தாலும், அது செயலிழக்கும் அபாயம் 17 முதல் 24 வயது வரையிலான காலத்தில்தான் மிக அதிகமாக இருந்தது. நோயே இல்லாதவர்களிடமும் இந்தக் காலத்தின் தடம் தெரிகிறது. பர்மிங்காம், சிகாகோ, மினியாபோலிஸ், ஓக்லண்ட் ஆகிய நான்கு அமெரிக்க நகரங்களில் 18 முதல் 30 வயது வரையிலான 5,115 பேரை 1985–86-இல் சேர்த்துத் தொடங்கிய கார்டியா ஆய்வு, அவர்களை இன்றுவரை பின்தொடர்கிறது. உடல் எடை, மது, உணவு, உடலுழைப்பு, புகை ஆகிய ஐந்திலும் இளமையிலிருந்தே நலமான பழக்கத்தைத் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் நடுவயதில் இதய நோய் அபாயம் மிகக் குறைந்தவர்களாக இருந்தனர். ஒன்றையும் கடைப்பிடிக்காதவர்களில் அவ்வாறு இருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. 40 வயதுக்கு முன்பே இரத்த அழுத்தம் உயர்ந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோயும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன என்பதையும் அதே ஆய்வு 2018-இல் காட்டியது.

இளமையின் இழப்புகள் அனைத்தும் மீளாதவை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இதை நோயாளிகளிடம் சொல்வது மிக அவசியம் என்று கருதுகிறேன். 1951-இல் தொடங்கி 50 ஆண்டுகள் பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், தொடர்ந்து புகைபிடித்தவர்கள் ஏறத்தாழ பத்தாண்டு ஆயுளை இழந்தனர். 30 வயதில் நிறுத்தியவர்கள் அந்தப் பத்தையும், 40-இல் நிறுத்தியவர்கள் ஒன்பதையும், 60-இல் நிறுத்தியவர்கள் மூன்றையும் திரும்பப் பெற்றனர். நம் நிகழ்வில் 22 முதல் 28 வயது வரை நீடித்த புகையின் கணக்கு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. சர்க்கரையின் கணக்கு தீரவில்லை. எலும்பு வேறு வகை: அதன் அடர்த்தி இருபதுகளின் பிற்பகுதியில் உச்சத்தை எட்டுகிறது, அதற்குள் சேராதது பிறகு எளிதில் சேர்வதில்லை.

ஒப்படைப்பு எப்படி இருந்திருக்க வேண்டும்

இதற்கு வழிகாட்டுதல்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் கழகமும் பிற இரு மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து 2011-இல் வெளியிட்டு 2018-இல் புதுப்பித்த அறிக்கை, மாற்றத்தைப் பற்றிய பேச்சை 12 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, 13 அல்லது 14 வயதில் திட்டமிடத் தொடங்கவும், பெயர் குறிப்பிட்ட ஒரு பணியாளர் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஆறு மாதம் அந்த இளைஞருடன் இருக்கவும் பரிந்துரைக்கிறது. பிறந்தநாளைக் கொண்டு தேதி குறிக்காமல், அந்த இளைஞரின் ஆயத்தத்தைக் கொண்டு குறிக்க வேண்டும் என்பதும் அவற்றின் சாரம். 18 வயது என்ற எல்லை நிறுவனங்களின் வசதிக்காக ஏற்பட்டது. உடலியலில் அதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஆனால் ஆறு மாதத் துணை போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கனடாவில் 17 முதல் 20 வயது வரையிலான முதல் வகை நீரிழிவு உடையவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியான கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வு ஒன்றில், ஒருங்கிணைப்பாளர் ஒருவர் 18 மாதங்கள் உடனிருந்தபோது அவர்கள் மருத்துவமனைக்கு வருவது கூடியது, மனநிறைவும் கூடியது. அவர் விலகி ஓராண்டு ஆனபோது அந்தப் பயன் நிலைக்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் வீண் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் படிப்பது வேறு: மாற்றங்கள் 18 வயதில் தொடங்கி 28 வரை வந்துகொண்டே இருக்கின்றன, துணை மட்டும் முதல் மாற்றத்தோடு முடிந்துவிடுகிறது. நம் நிகழ்விலேயே சான்று இருக்கிறது. அதே பெண், அதே நோய், அதே இன்சுலின். கர்ப்ப காலத்தில் வாரந்தோறும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தபோது எட்டு ஆண்டுகள் முடியாதது ஏறத்தாழ ஆறு மாதங்களில் முடிந்தது. கருவில் இருந்த குழந்தை பெரும் உந்துதலாக இருந்தது உண்மை. அந்த உந்துதலைப் பிடித்துக்கொள்ள அன்றைக்கு ஒரு குழுவும் இருந்தது.

நடைமுறையில் மிகச் சிறியவை பல செய்யப்பட்டிருக்கலாம். 14 வயது முதல் ஒவ்வொரு சந்திப்பின் ஒரு பகுதியில் தாய் வெளியே இருக்க, மகள் தனியே பேசியிருக்கலாம். முதல் சந்திப்பைத் தவறவிட்ட வாரத்தில் ஓர் அழைப்பு சென்றிருக்கலாம். இளம் வயதினருக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருந்தால் அந்தக் காத்திருப்பு அறையில் அவர் தம் எதிர்காலத்தை அகற்றப்பட்ட கால்களில் கண்டிருக்க மாட்டார். கீட்டோன் அமிலத்தோடு 20 வயதில் வந்தபோது, வீடு திரும்பும் நாளிலேயே அடுத்த சந்திப்பின் தேதியைக் கையில் கொடுத்து, எங்கே தங்கியிருக்கிறார், யாருடன் உண்கிறார், தேர்வு என்று முடிகிறது என்று கேட்டிருந்தால் எஞ்சிய எட்டு ஆண்டுகளில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் மீண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

இரு கண்களுக்கும் விழித்திரையின் ஓரப்பகுதிகளில் லேசர் சிகிச்சை செய்யப்பட்டது. இடக்கண்ணின் இரத்தம் ஏழு வாரங்களில் பெரும்பாலும் கரைந்தது; வாகனம் ஓட்டப் போதுமான பார்வை திரும்பியது, இரவில் ஓரப் பார்வை சற்றுக் குறைந்தது. இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகப் பாதுகாப்புக்குமாக ஏசிஇ தடுப்பு மருந்து தொடங்கப்பட்டது. ஓராண்டில் இரத்த அழுத்தம் 126/78, சிறுநீர் அல்புமின் 180-இலிருந்து 70-க்கு வந்தது. கால் நரம்பின் உணர்வில் மாற்றமில்லை. சர்க்கரைக் கட்டுப்பாடு இப்போது ஏன் பயன்தரவில்லை என்று அவர் கேட்டபோது, பயன் இனிவரும் பத்தாண்டுகளில் தெரியும் என்பதும், இந்த மூன்று ஆண்டுக் கட்டுப்பாடு இல்லையென்றால் பாதிப்பு இன்னும் முன்பே வந்திருக்கும் என்பதும் எடிக்கின் வரைபடங்களைக் காட்டி விளக்கப்பட்டன. 20 வயதிலிருந்து கோப்பில் இருந்த அந்த வரி எப்படி அங்கு வந்தது என்பதும் அவருடன் பேசப்பட்டது. தம் அலட்சியத்தின் தண்டனை இது என்று அவர் அதுவரை நம்பியிருந்தார்.

34 வயதில் இரண்டாவது குழந்தையைப் பற்றிக் கேட்டார். ஏசிஇ தடுப்பு மருந்து கருவுக்குத் தீங்கானது என்பதால், கருவுற முயலும் முன் அதை நிறுத்தி லேபட்டலால் என்ற வேறு இரத்த அழுத்த மருந்துக்கு மாறுவது என்றும், விழித்திரை ஆறு மாதம் நிலையாக இருந்ததை உறுதிசெய்த பிறகே கருத்தடையை நிறுத்துவது என்றும், எச்பிஏ1சியை 6.5-ஐ நோக்கிப் படிப்படியாகவே இறக்குவது என்றும் முடிவானது. கர்ப்பத்தின் ஒவ்வொரு மூன்று மாதத்திலும் கண் பார்க்கப்படும். பிரசவத்துக்குப் பிந்தைய கண் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் செய்ய வேண்டிய வாரங்கள் இப்போதே கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை நினைவூட்டி அழைக்க வேண்டிய செவிலியரின் பெயரும் பக்கத்தில் இருக்கிறது.